பள்ளத்துப் பக்கத்து ஜன்னல்

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. தெரியாமல் இல்லை. பெயர், தெரு, வீட்டுக் கொல்லையில் நிற்கிற எலுமிச்சை மரம் வரைக்கும் தெரியும். ஆனால் நாலு பேர் நடுவில் வைத்து "இவரைத் தெரியுமா?" என்று கேட்டபோது தெரியாது என்று சொன்னவள் நான். அப்படிச் சொன்னவள் இன்றைக்கு உட்கார்ந்து அவர் பெயரை எழுதி உரிமை கொண்டாடினால் நன்றாகவா இருக்கும்? அதனால் அண்ணாச்சி என்றே சொல்கிறேன். காலை மதுரை பாசஞ்சரில் போகிற பாதிப் பேர் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். மீதிப் பேர் எலுமிச்சம்பழக்காரர் என்பார்கள்.

அவர் பழம் விற்கிறவர் இல்லை. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் நைட் ஷிப்ட் பார்த்தவர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஷிப்ட் முடிந்ததும் மினி பஸ்ஸில் ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு வந்து, செங்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போகிற வண்டியில் ஏறி, அடுத்த ஊரிலேயே இறங்கிவிடுவார். மொத்தமே பதினைந்து நிமிஷப் பயணம். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கு அவர் செய்கிற ஆர்ப்பாட்டத்தைப் பார்க்க வேண்டுமே!

எங்கள் ஊரான ராஜபாளையம் வரும்போதே வண்டி நிறைந்திருக்கும். இங்கே இறங்குகிறவர்கள் கொஞ்சம் பேர், அந்த இடத்துக்குப் பிளாட்பாரத்தில் காத்திருக்கிறவர்கள் பத்து மடங்கு. பொதுப்பெட்டியில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது நம் ஊரில் யாருக்கும் புதிதில்லை. அண்ணாச்சியிடம் இருந்தது துண்டு இல்லை. தறிக்கூடத்தில் ஓரம் கெட்டதென்று கழித்த பேண்டேஜ் துணியை முழம் முழமாகக் கிழித்துத் தோள்பையில் வைத்திருப்பார். புண்ணுக்குக் கட்டுகிற துணிதானே, ஊதினால் பறக்கும், எறிய வராது. அதனால் ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் எலுமிச்சம்பழத்தை முடிந்து வைத்திருப்பார். வண்டி நிற்பதற்கு முன்னாலேயே கூட நாலு எட்டு ஓடி, யார் எழுந்திருக்கப்போகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, ஜன்னல் கம்பிக்குள் குறி பார்த்து விட்டெறிவார். பழம் பொத்தென்று சீட்டில் விழும். துணி அதன் மேல் படியும்.

"போட்டாச்சு! ஆளு வருது, ஆளு வருது!" என்று பிளாட்பாரம் முழுக்கக் கேட்கக் கத்துவார்.

அந்த ஆள் யார் என்று பல நாள் அவருக்கே தெரியாது. போட்ட பிறகுதான் திரும்பிக் கூட்டத்தைப் பார்ப்பார். கைப்பிள்ளைக்காரி இருந்தால் முதலில் அவள். அப்புறம் மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். அப்புறம் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள். ஒருவரும் இல்லையென்றால் பால்கோவா பெட்டியோடு நிற்கிறவருக்காவது கொடுத்துவிடுவார். தான் மட்டும் உட்கார மாட்டார். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தான் உட்கார்த்தி வைத்தவர்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு வருவார்.

"நீங்களும் செத்த நேரம் உக்காருங்களேன் அண்ணாச்சி" என்று கேட்டால், "ராத்திரி பூரா தறிக்கு ஊடே நடந்த காலு பாப்பா. உக்காந்தா மரத்துப்போவும். பொறவு வில்லிபுத்தூர்ல யாரு என்னைத் தூக்கி எறக்குதது?" என்பார்.

ஒரு பொங்கலுக்கு முந்தின நாள், சீசன் டிக்கெட்காரர்கள் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து அவரைப் பிடித்து உட்கார வைத்தே தீருவது என்று முடிவெடுத்தோம். தோளில் இரண்டு பேர், கையில் இரண்டு பேர். மனிதர் மீன் மாதிரி நழுவிவிட்டார். "ஏலே, விடுங்கலே, வெக்கமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, அந்த இடத்தில் ஒரு மூட்டைக்காரப் பாட்டியைப் பிடித்து உட்கார்த்திவிட்டுப் போனார். பாட்டிக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. பெட்டியே சிரித்தது.

நான் அவரை முதலில் பார்த்தது கல்லூரியின் முதல் நாளில். எனக்கு அப்பா கிடையாது. அம்மா ஒரு நர்சரி ஸ்கூலில் ஆயா. விருதுநகர் கல்லூரியில் இடம் கிடைத்தது, ஹாஸ்டலுக்கு வசதியில்லை. புதுச் சுடிதாரும் புதுப் பையுமாகப் பிளாட்பாரத்தில் முழித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க பாப்பா, காலேஜுக்கா? மொத நாளா?" என்றார். தலையை ஆட்டினேன். அடுத்த நிமிஷம் பழம் உள்ளே விழுந்தது. முண்டியடித்து ஏறி உட்கார்ந்தேன். பின்னாலேயே ஒரு மீசைக்காரர் வந்து, "யாரு போட்ட துணி இது? யாருக்குப் போட்டது?" என்று அதட்டினார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வாசலிலிருந்து அண்ணாச்சி, "அந்தப் பாப்பாவுக்குத்தான்யா!" என்று கத்துகிறார், மீசைக்காரர் நம்பவில்லை. கடைசியில் பக்கத்தில் இருந்த ஒரு டீச்சர் பரிந்து பேசிச் சண்டையைத் தீர்த்தார்.

கூட்டம் அடங்கியதும் அண்ணாச்சி என்னிடம் வந்தார். கோபமாகத்தான் வந்தார்.

"ஏ பாப்பா, துணி பேசாது. நான் போட்டேன்னு நான் ஆயிரந்தடவ சொல்லலாம், ஒருத்தனும் நம்ப மாட்டான். 'ஆமா, எனக்குத்தான் போட்டாரு'ன்னு உக்காருத ஆளு வாயைத் தொறந்து சொல்லணும். நீ பேசாம இருந்தீன்னா நான் களவாணிப்பய ஆயிருவேன். வெளங்குதா?"

மறுநாளிலிருந்து வாயைத் திறந்தேன். நானா சும்மா இருப்பேன்? யாராவது துணியை விலக்கப் பார்த்தால் போதும், "எனக்குத்தான் போட்டிருக்கு, கண்ணு தெரியல?" என்று பிடித்துக்கொள்வேன். மூன்றாம் வருஷம் வந்தபோது மற்றவர்களுக்காகவும் நானே பேச ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வருஷம்தான் ஒரு நாள் வத்திராயிருப்புப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு அண்ணாச்சி இடம் பிடித்தார். கண்ணில் கட்டு. அவருக்குக் காதும் கேட்காது என்பது அண்ணாச்சிக்குத் தெரியாது. "உங்களுக்கா போட்டது?" என்று நாலு பேர் கேட்டும் பெரியவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஓர் ஆள் எழுந்து அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்து, "இடத்தைப் பிடிச்சுவச்சு விக்கியாலே, களவாணிப் பயலே" என்றான். அண்ணாச்சியின் முகம் அப்படியே செத்துப்போய்விட்டது. நான்தான் சீட்டை விட்டு எழுந்து போய், "கையை எடுங்க. அந்தப் பெரியவருக்குத்தான் போட்டாரு, நான் பாத்தேன்" என்று கத்தினேன். அந்த ஆள் கையை எடுத்தான்.

இறங்கும்போது அண்ணாச்சி என்னிடம், "வக்கீலம்மா, உனக்கு ஒரு பீஸ் குடுக்கணுமே" என்று சிரித்தார். அவருக்கு எந்தச் சொல் வலிக்கும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்திருந்தும்தான் பின்னால் அப்படிச் செய்தேன்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. செங்கோட்டைக்கு மேலே மலை ஏறிப் புனலூருக்குப் போகிற ரயில் பாதை. சின்ன ரயில் ஓடிய காலத்தில், கல்யாணமான புதிதில், மனைவியோடு ஒரு தடவை போயிருக்கிறார். அந்த அம்மா சீக்கிரம் இறந்துவிட்டார். நான் படிக்கிற காலத்தில் அந்தப் பாதையை அகல ரயில் பாதையாக மாற்றுவதற்காக மூடி வைத்திருந்தார்கள். வருஷக்கணக்காக வேலை நடந்தது. வண்டியில் யாராவது மலைப் பேச்சை எடுத்தால் அண்ணாச்சி வாசலை விட்டு உள்ளே வந்துவிடுவார்.

"குகைக்கு முந்துன ஸ்டேசன் வரைக்கும் சும்மா நம்ம ஊரு மாதிரிதான். கருங்கல்லுக் கட்டடம், ஓட்டுக்கூரை, வெள்ளைக்காரன் கட்டுனது. அதத் தாண்டி குகைக்குள்ள போயி வெளிய வரும் பாரு, அங்கதான் இருக்கு. மலைப் பக்கம் உக்காந்தா வெறும் பாறைதான் தெரியும். பள்ளத்துப் பக்கம் உக்காரணும். கீழ ரோட்டுல பஸ்ஸு தீப்பெட்டி கணக்கா போவும். பதிமூணு கண்ணு பாலம் வரும். எங்க வீட்டுக்காரி என் கையைப் புடிச்சவ விடவே இல்ல."

"அன்னைக்காவது உக்காந்தீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க! அவளை ஜன்னல்ல உக்கார வச்சிட்டு நான் நின்னுக்கிட்டேன்" என்றார். "பாதை தொறக்கட்டும் பாப்பா. உன்னைப் பள்ளத்துப் பக்கம் உக்கார வைக்கேனா இல்லையான்னு பாரு."

படிப்பு முடிந்து எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. மலைப் பாதையும் திறந்தது. ஆளாளுக்கு அதைப் படம்பிடித்துப் போட, குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் மலை ரயிலிலும் ஒரு நடை போய்வர ஆரம்பித்தார்கள். எனக்கும் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை என்னோடு வேலை பார்க்கிறவர். அவருடைய அப்பா பெரிய அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சர்ச்சில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்த வாரம், மாப்பிள்ளை, தங்கை, அப்பா, அம்மா என்று நாலு பேரும் எங்கள் ஊரைப் பார்க்க வந்தார்கள். எங்கள் வீட்டில் இருந்த இரண்டு நாற்காலியில் ஒன்றுக்குக் கால் ஆடும். அதை அம்மா சுவரோடு சேர்த்துப் போட்டு, அதில் தானே உட்கார்ந்துகொண்டாள். அதை அவர்கள் கவனிக்கக் கூடாதே என்று நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

அவர்கள் மலை ரயிலில் போகவேண்டும் என்றார்கள். அது ரிசர்வேஷன் இல்லாத பாசஞ்சர் வண்டி. சாரல் காலம் வேறு. நான் கொஞ்சமும் யோசிக்காமல், "ஸ்டேஷன்ல தெரிஞ்சவங்க இருக்காங்க, இடம் சொல்லி வச்சிடறேன்" என்றேன். மாமனாராக வரப்போகிறவர், "பரவாயில்லையே, செல்வாக்கான பொண்ணுதான்" என்று மெச்சினார். எனக்கு ஜிவ்வென்று இருந்தது. ராத்திரி அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"அஞ்சு எடமா? பாப்பா, பத்துன்னாலும் போடுவேன்! நாளைக்கு எனக்கு லீவு சொல்லிக்கிடுதேன். நானும் மலைக்கு வாரேன். தொறந்ததுலேருந்து போவணும் போவணும்னு கெடக்கேன். நான் வாசல்ல நின்னுக்கிடுவேன், உங்களுக்கு ஒரு எடைஞ்சலும் இல்ல."

"அண்ணாச்சி, அவங்க ஒரு மாதிரியான ஆளுங்க. நீங்க அங்க ரொம்பப் பேசிராதீங்க" என்றேன்.

"நான் என்னத்தப் பேசப்போறேன். துணியைப் போடுதேன், நீ வந்து உக்காரு" என்றார்.

மறுநாள் நாங்கள் காரில் செங்கோட்டைக்குப் போய், காரை மலைக்கு அந்தப் பக்கம் தென்மலைக்கு அனுப்பிவிட்டு ஸ்டேஷனுக்குள் நுழைந்தோம். குற்றாலத்துக் கூட்டம் பாதி அங்கேதான் நின்றது. அண்ணாச்சி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, ஆனால் சொன்ன சொல்லுக்காகக் கிட்டே வரவில்லை. தூரத்திலிருந்தே கையைக் காட்டினார். காலி வண்டி பிளாட்பாரத்துக்கு வந்ததும் அவரும் கூட ஓடினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்து பழமும் ஒரே பகுதியில், பள்ளத்துப் பக்கத்து ஜன்னலோடு சேர்த்து விழுந்தன.

ஐந்தாவது பழம், முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் நின்று செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் கையில் பட்டு, போன் கீழே விழுந்து கண்ணாடி கீறிவிட்டது. ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு ஏழெட்டுப் பேர் அவனோடு வந்திருந்தார்கள். நாங்கள் ஏறி உட்கார்ந்தபோது சண்டை ஆரம்பித்திருந்தது. "அஞ்சு சீட்டுக்கு எவ்வளவு வாங்கினீங்க பெரியவரே?" என்று ஒருவன் கேட்டான். அண்ணாச்சி என் பக்கமே பார்க்காமல், "ஆளு வந்தாச்சு தம்பி, அவங்களுக்குத்தான்" என்றார்.

வண்டி கிளம்பிவிட்டது. மாமனார் அண்ணாச்சி பிடித்த ஜன்னலோரத்தில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, "இந்த மாதிரி ஆளுங்களைப் பிடிச்சு உள்ள போடணும். இவங்களாலதான் நாடு உருப்படலை" என்றார். அந்த இடத்தையும் இவர்தான் பிடித்தார் என்று அவருக்குத் தெரியாது, ஸ்டேஷன் ஆட்கள் ஏற்பாடு என்று நினைத்திருந்தார். நான் சொல்லவில்லை.

பக்கத்துப் பெட்டியிலிருந்து ரயில்வே போலீஸ்காரர் வந்தார். தன்மையான மனிதர்தான். அண்ணாச்சியிடம், "யாருக்குய்யா பிடிச்சீங்க? காசுக்கா?" என்று கேட்டார்.

"காசா? ஐயையோ இல்ல சார். இது எங்க பாப்பா. காலேஜுக்குப் போன மொத நாள்லேருந்து தெரியும். அவிய வீட்டு ஆளுகளுக்குத்தான்."

போலீஸ்காரர் என்னிடம் திரும்பினார். "ஏம்மா, இவரைத் தெரியுமா? உங்களுக்காகப் பிடிச்ச இடமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமனார் புருவத்தைத் தூக்கினார். அண்ணாச்சி, நான் பேசப்போகிறேன் என்று சிரித்த முகத்தோடு நின்றார். எத்தனை நூறு தடவை இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவள் நான்! ஆமா, எனக்குத்தான். அம்புட்டுதான் சொல்ல வேண்டியது.

"தெரியலையே சார்" என்றேன். அதோடு விட்டேனா? "சீட்டு காலியா இருந்துச்சு, உக்காந்தோம்" என்றும் சொன்னேன்.

அண்ணாச்சியின் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு போலீஸ்காரரிடம், "ஆமா சார். பாப்பாவுக்கு... அந்தம்மாவுக்கு என்னைத் தெரியாது. நான்தான் ஆளு மாறிச் சொல்லிட்டேன்" என்றார்.

"அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிருங்க பெரியவரே. வயசானவரா இருக்கீங்க, கேஸெல்லாம் வேண்டாம்" என்றார் போலீஸ்காரர். பனியன் போட்ட பையன்களில் ஒருவன், "களவாணி" என்றான். அவன் மெல்லத்தான் சொன்னான், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

அடுத்த ஸ்டேஷன், குகைக்கு முந்தின ஸ்டேஷன். கருங்கல் கட்டடம், ஓட்டுக்கூரை, அவர் சொன்னபடியே இருந்தது. இறங்குவதற்கு முன் அவர் எங்கள் பகுதியைப் பார்த்து, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல், "மலை ஏறும்போது கொமட்டுனா அந்தப் பழத்தை மோந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். துணிகளைக் கேட்கவில்லை.

எதிர் வண்டிக்காக எங்கள் வண்டி அங்கே பத்து நிமிஷம் நின்றது. பத்து நிமிஷம்! கால் இல்லாதவளாக இருந்தால்கூட இறங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லோரும் இறங்கிப் பழைய கட்டடத்தைப் படமெடுத்தார்கள். மாப்பிள்ளை என்னையும் இறக்கி, கட்டடத்தின் முன்னால் நிறுத்தி, தோளில் கை போட்டுக்கொண்டு, தங்கையைப் படம் எடுக்கச் சொன்னார். எங்களுக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயின் பக்கத்தில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். படம் எடுப்பதைப் பார்த்ததும், நடுவில் நின்று கெடுக்கக் கூடாதென்று விலகினார். சிரிக்கச் சொன்னார்கள். நான் சிரித்தேன்.

வண்டி நகர்ந்தபோது அவர் கையை நீட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். பள்ளத்துப் பக்கம். நான் குனிந்துகொண்டேன். அதற்கப்புறம் குகை வந்தது. குகையைத் தாண்டியதும் மொத்தப் பெட்டியும் ஜன்னலுக்குப் போய்க் கூச்சல் போட்டது. பாலம் வந்ததும் மாமனார் எழுந்து நின்று கை தட்டினார். நான் நடு சீட்டில், மடியில் கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் தங்கைக்கு வளைவுகளில் குமட்டி, வழி முழுக்க அந்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். "அந்தப் பெரியவர் நல்லவரா இருப்பாரோ?" என்றாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அண்ணாச்சிக்குப் பத்திரிகை வைக்க எனக்கு முகமில்லை. அம்மா வைத்தாள். அவர் வரவில்லை. ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் மட்டும் கொடுத்துவிட்டிருந்தார். நடந்தது அம்மாவுக்குத் தெரியாது, அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. "மனுசன் உன்னை எம்புட்டு விசாரிக்காரு தெரியுமா?" என்று போனில் அம்மா சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றுவேன். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில், சீடன் ஒருவன் தன் குருவையே தெரியாது என்று மறுதலித்த இடத்தைப் பைபிளிலிருந்து பாதிரியார் வாசிக்கும்போது தலையைத் தூக்க மாட்டேன். சென்னை வீட்டு ஹாலில் அந்த ஸ்டேஷன் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் சலவைச் சட்டையில் பாதி ஆள். "யாரோ குறுக்க வந்துட்டார்" என்று என் கணவர் வருகிறவர்களிடம் சொல்வார். ஒரு நாள் மனசு பொறுக்காமல் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ச்சே, இதெல்லாம் ஒரு விஷயமா? இன்னுமா நினைச்சிட்டிருக்க?" என்றார். படம் அங்கேயேதான் இருக்கிறது.

அண்ணாச்சியைக் கடைசியாகப் பார்த்தது போன வருஷம். இரண்டு வயது மகளோடு ஊருக்குப் போய்விட்டு, மதுரையில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு சென்னை திரும்புவதற்காக அதே காலை வண்டிக்கு நின்றேன். இப்போது கரண்ட் இன்ஜின். பிளாட்பாரமெல்லாம் பளபளப்பாகிவிட்டது. அவர் தலை முழுக்க வெளுத்து, மினி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது.

"பாப்பா! எப்ப வந்த? இது யாரு, உன் மகளா? அப்பிடியே உன்னைய உரிச்சு வச்சிருக்கு!" என்றார். ஒன்றுமே நடக்காததுபோல் பேசினார். பையைத் திறந்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி, நான் நின்னுக்கிட்டே போயிருவேன்."

"கைப்பிள்ளைய வச்சிக்கிட்டு நிப்பியா? நல்லா இருக்கே!"

வண்டி வந்தது. முதலில் எறிந்த பழம் ஜன்னல் கம்பியில் பட்டுத் தண்டவாளத்தில் விழுந்தது. நான் பார்க்க அவர் குறி தப்பியது அன்றைக்குத்தான். இரண்டாவது உள்ளே போனது. நான் ஏறிச் சீட்டுக்குப் பக்கத்தில் போனதும் எதிரில் இருந்த ஒருவர், "இது யாருக்குப் போட்ட துணி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். என் பின்னாலேயே ஏறிய அண்ணாச்சி என்னை முந்திக்கொண்டார்.

"எனக்குத்தான்யா" என்றார். சொல்லிவிட்டு, போய் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்தார்! சீட்டு நுனியில், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, டாக்டர் ரூமில் உட்காருகிறவர் மாதிரி. பழைய சீசன் டிக்கெட்காரர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, உக்காந்துட்டீங்க? இன்னைக்கு மழைதான்!" என்றார். "காலு வலிக்குய்யா, வயசாவுதுல்லா" என்றார் அண்ணாச்சி. என் மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

என்னைப் பேச விடாமல் இருப்பதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேனோ என்று அவருக்கு ஒரு பயம். அந்தத் தர்மசங்கடம் எனக்கு வரவே கூடாது என்று நினைத்துவிட்டார். அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட நான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

பதினைந்து நிமிஷம் இருந்தது. மன்னிச்சிருங்க அண்ணாச்சி. இந்த இரண்டு சொல்லை நெஞ்சிலிருந்து தொண்டைக்குக் கொண்டுவருவதும் விழுங்குவதுமாக நின்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிய ஆரம்பித்தபோது அவர்தான் பேசினார்.

"அன்னைக்கு பாலம் பாத்தியா பாப்பா?"

"பாத்தேன் அண்ணாச்சி."

"பள்ளத்துப் பக்கந்தானே?"

"ம்."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

"அது போதும்" என்றார்.

"நீங்க அதுக்கப்புறம் போனீங்களா?"

"போவணும். ரயிலு எங்க ஓடிப்போவப் போவுது?" என்று சிரித்தார்.

வண்டி நின்றது. மகளை என்னிடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்தார். உண்மையிலேயே கால் மரத்துப்போயிருந்தது, ஒரு நிமிஷம் தடுமாறினார். பிறகு சீட்டை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்துவிட்டார்.

"உக்காரு பாப்பா. இனி உங்கிட்ட ஒருத்தரும் கேக்க மாட்டாக" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் உட்கார்ந்தேன்.